பிள்ளையார்பாளையத்தில் பிரித்த டர்போ

நம் வயதுக்காரர்கள், அதாவது பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறவர்கள், நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் கோடை விடுமுறைக்கு வந்துவிடுகிறது. ஒருவர் மாமா ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியதைச் சொல்வார். இன்னொருவர் வாடகை சைக்கிளில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதைச் சொல்வார். என் முறை வரும்போது நான், "எங்க லாரிக்கு டர்போ போச்சு" என்று ஆரம்பிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நான் காத்திருப்பதற்குள் காபி வந்துவிடும், பேச்சு மாறிவிடும். அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

எங்கள் வீடு ஏனாத்தூருக்குப் பக்கத்தில், ஒரு பெரிய ஏரியை ஒட்டிய ஊரில் இருந்தது. அப்பா பல வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, சித்தப்பாவோடு சேர்ந்து சொந்தமாக ஒரு லாரி வாங்கியிருந்தார். ஒரு கை மாறி வந்த வண்டிதான். ஆனால் டர்போ வண்டி. எங்கள் பக்கத்தில் அப்போது அது புதுச் சொல். அப்பா அதை முன்கண்ணாடிக்கு மேலே மஞ்சள் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். படித்துவிட்டு, "டர்போன்னா இன்னாபா?" என்று கேட்டேன்.

"எஞ்சின் வுடுற புகை இருக்குது பாரு, அது வெளிய போறப்ப ஒரு சின்னச் சக்கரத்த சுத்திட்டுப் போவும். அது சுத்துனா அந்தாண்ட இருக்கிற இன்னொரு சக்கரமும் சுத்தி, எஞ்சினுக்குள்ள காத்த அடைக்கும். காத்து ஏறுனா இழுவ ஏறும். அவ்ளோதான்" என்றார் அப்பா.

பாரத்தோடு மேடு ஏறும்போது அந்த வண்டி விசில் அடிக்கும். குக்கர் விசில் மாதிரி இல்லை. மூங்கில் தோப்புக்குள் காற்று நுழைந்ததும் எழுமே, அப்படி மெல்லியதாக ஆரம்பித்து, அப்பா ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூர்மையாகிக்கொண்டே போகும். சமையலறையில் இருக்கும் அம்மா அதைக் கேட்டுத்தான் உலையில் அரிசி போடுவாள்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷன். கை சும்மா இருக்காது. எது ஒழுகினாலும் அவரே சரிசெய்துவிடுவார். அதற்கு அவரிடம் ஒரு ட்யூப் இருந்தது. எஞ்சின் இணைப்புகளில் பூசுகிற பேஸ்ட், சிவப்பு நிறம், காய்ந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். எங்கள் வீட்டுக் குழாயின் கழுத்து, தண்ணீர் ட்ரம்மின் அடி, என் செருப்பின் வார், அம்மாவின் மிக்ஸி மூடி எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு இருந்தது. அம்மா ஒருநாள், "தம்பி, இட்லி ஓட்டையா இருந்தா அதையும் அடைச்சுடுவீங்க போல" என்று சொன்னது நினைவிருக்கிறது.

அந்த வருஷம் ஏரி சுத்தமாக வற்றிவிட்டது. ஏரி வற்றினால் உள்ளே படிந்த மண்ணை அள்ளிச் செங்கல் சூளைக்குக் கொண்டுபோகலாம். அப்பாவும் சித்தப்பாவும் ஒரு சூளைக்காரரிடம் பேசி அந்த வேலையைப் பிடித்திருந்தார்கள். எங்கள் லாரியோடு வேறு சில லாரிகளும் ஓடின. வேலை லேசானது இல்லை. ஏரிக்குள் இறங்கி, மண் ஏற்றிக்கொண்டு, கரையின் மேல் ஏறி வெளியே வர வேண்டும். கரையில் ஏறுகிற அந்தப் பாதை செங்குத்தாக இருக்கும், நடந்து ஏறினாலே நமக்கு மூச்சு வாங்கும். என்ன அவசரம் என்றால், கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்துவிட்டால் போதும், ஏரிக்குள் சக்கரம் இறங்காது. வேலை அதோடு முடிந்தது.

விடுமுறை என்பதால் நானும் அம்மாவோடு சாப்பாடு கொண்டுபோவேன். வெடித்துக் கிடந்த ஏரி மண்ணில் நத்தை ஓடுகள், யாரோ எப்போதோ தொலைத்த பித்தளைக் குண்டு, ஒரு முறை ஒரு முழுச் செம்பே கிடைத்தது. கருவேல மர நிழலில் வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டு லாரிகள் ஏறுவதைப் பார்ப்பேன். மற்ற வண்டிகள் முக்கி முனகி ஏறும். எங்கள் வண்டி விசிலோடு ஏறும்.

ஒரு நாள் அந்த விசில் மாறியது. ஸ்லேட்டில் ஆணியைக் கிழித்தால் வருமே, பல் கூசும், அப்படி ஒரு கீச்சல். மறுநாள் கீச்சலும் இல்லை. பாதி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் இருந்து கறுப்பாகவும் நீலமாகவும் புகை கிளம்பி, மண் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரையும் மூடியது. புகைக்குள்ளிருந்து இருமல் சத்தமும் திட்டும் மட்டும் கேட்டது. அப்பா வண்டியைப் பின்னாலேயே இறக்கி, மண்ணைக் கொட்டிவிட்டு, காலி வண்டியை எப்படியோ கரையேற்றினார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அப்பாவுக்கு மெக்கானிக் என்றால் ஒரே ஆள்தான். அப்பா கிளீனராக இருந்த காலத்திலிருந்தே பழக்கம். ஊருக்குப் போகிற சாலையோரம், புளியமரத்தடியில் ஷெட். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பெரிய உருவம், பெரிய கை, உள்ளங்கை எப்போதும் கறுப்பு. எனக்குக் கொய்யாப்பழம் கொடுக்கும்போது மட்டும் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்.

மாமா டர்போவைக் கழற்றினார். நத்தை ஓடு மாதிரி சுருண்ட இரும்பு, இரண்டு நத்தைகளை முதுகோடு முதுகாக ஒட்டிவைத்தது போல. உள்ளே, ஓரத்தில் சின்னதாய் ஒரு வெட்டு விழுந்திருந்த சக்கரத்தை விரலால் ஆட்டினார். ஆடியது. ஆடக் கூடாதாம்.

"சக்கரத்தத் தாங்குற புஷ் தேஞ்சுட்டுக்குது. சக்கரம் தப்பிச்சது. மெட்ராஸ் போய் சாமான் வாங்கியாறேன். வீட்டுக்கு எடுத்துக்கினு போய்ப் பாத்துட்டு மாட்டிக் குடுக்குறேன்" என்றார் மாமா. டர்போவைத் துணியில் சுற்றி, பச்சையும் வெள்ளையுமாய்ப் பின்னிய ஒயர் கூடையில் வைத்து, மொபெட்டின் முன்னால் கால் நடுவில் இருத்திக்கொண்டு போய்விட்டார். சந்தைக்குப் போய்ப் பூசணிக்காய் வாங்கி வருகிறவர் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா ஆரம்பித்தார். "அண்ணா, ஷெட்டுல ரிப்பேர் பண்றவன் எதுக்கு வீட்டுக்குத் தூக்கிக்கினு போறான்? கியர் பாக்ஸ வீட்டுக்குத் தூக்கினு போறானா? இத மட்டும் ஏன்?"

"தூசு படக் கூடாதுடா."

"உள்ள இருக்கிற சாமான மாத்திட்டு, வேற வண்டிதுல கழட்டுன பழசப் போட்டுக் குடுத்தா உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? ஹைவேஸ்ல புதுக் கடை வந்துக்குது, அங்க இட்டுக்கினு போவலாம்."

அப்பா, "வாய மூடு" என்றார். ஆனால் அன்று மாலை முழுக்கச் சும்மா இருந்த இடத்தில் இருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார். இப்போது என் வயதில் அதை நினைத்துப் பார்க்கிறேன். அப்பாவுக்கு மாமாவின் மேல் சந்தேகம் இல்லை. ஆனால் சித்தப்பா சொன்னதற்குப் பதிலும் இல்லை. நேராக மாமாவைக் கேட்டால் அத்தனை வருஷப் பழக்கம் அன்றே முடிந்துவிடும். கேட்காமல் விட்டால் ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் அந்தக் கேள்வி கூடவே ஏறி உட்காரும். பெரியவர்கள் இப்படி மாட்டிக்கொள்ளும்போது பிள்ளைகளை அனுப்புவார்கள். என்னை அனுப்பினார்.

மாமா மெட்ராஸ் போய் வந்த மறுநாள், அப்பா என்னைச் சைக்கிளில் உட்கார வைத்துப் பிள்ளையார்பாளையத்துக்குக் கூட்டிப் போனார். மாமாவின் வீடு அங்கேதான். தெருமுனை டீக்கடையில் இறங்கி, வெள்ளரிப் பிஞ்சு நிறைந்த பையை என் கையில் கொடுத்தார்.

"நம்ம தோட்டத்துலதுன்னு சொல்லி அத்தைகிட்ட குடு. அப்படியே கொஞ்ச நேரம் குந்திக்கினு வெளையாடிட்டு வா."

"எதுக்குபா?"

"சும்மாதான். மாமா இன்னா பண்றாருன்னு பாத்துட்டு வா."

சந்து மாதிரித் தெரு. இரண்டு பக்கமும் வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம். சாயம் தோய்த்த தண்ணீர் சாக்கடையில் ஒரு பக்கம் குங்குமச் சிவப்பாகவும் கொஞ்சம் தள்ளிக் கிளிப்பச்சையாகவும் ஓடியது. இரண்டும் எங்கே கலக்கிறது, கலந்தால் என்ன நிறம் என்று பார்க்க எனக்கு ஆசை. ஆனால் வேவு பார்க்கப் போகிறவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை என்று மாமா வீட்டுக்குள் போனேன்.

கூடத்தில் பாதியைத் தறி அடைத்திருந்தது. மீதிப் பாதியில், துவைத்து நீலம் போட்ட வெள்ளை வேட்டி ஒன்று தரையில் விரித்திருந்தது. வேட்டியின் மேல் எங்கள் டர்போ பிரிந்து கிடந்தது. சின்னச் சக்கரம், பெரிய சக்கரம், வளையங்கள், திருகாணிகள், எல்லாம் கொலு மாதிரி வரிசையாக. வேட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது மாமா இல்லை. அத்தை.

அத்தை ஒல்லியாக, நெற்றியில் பெரிய பொட்டோடு இருப்பார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, தலைமுடி ஒன்றுகூட விழாதபடி துண்டால் கட்டியிருந்தார். ஊதுபத்திக் குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு வளையத்தை, உடைத்துவிடாமல் விரித்து, சக்கரத்தின் தண்டில் இருந்த பள்ளத்துக்குள் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கட்டைவிரல், மூச்சை அடக்கிக்கொண்டு. அது உட்கார்ந்ததும்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வா கண்ணு. அங்கியே நில்லு, கால்ல மண்ணு இருக்கும். கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். "மாமா எங்க?" என்றேன்.

"சோப்பு வாங்கப் போயிருக்கிறாரு. உங்கப்பா டீக்கடையில குந்திக்கினு இருக்கிறாரா?"

நான் திருதிருவென்று விழித்தேன். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெள்ளரிப் பிஞ்சு குடுக்கணும்னா சைக்கிள்ல வாசலுக்கே வரலாமே. முனையிலயே ஏன் எறங்குறாரு? பரவால்ல, நல்லா பாத்துக்கோ. பாத்தத அப்படியே சொல்லு."

நல்லா பார்த்தேன். அதற்கு முன் நான் அப்படி எதையும் பார்த்ததில்லை. அத்தை தறிக்காரர் வீட்டுப் பெண். சின்ன வயதிலிருந்தே அறுந்த பட்டு இழையைத் தேடிப் பிடித்து முடிபோட்டு வளர்ந்தவர். "இவரு மொதல்ல இங்கதான் தொடச்சி மாட்டிக்கினு இருந்தாரு. நான் வெளக்குப் புடிப்பேன். ஒருநாள் இந்த வளையத்த மாட்டறேன் மாட்டறேன்னு ஒடச்சுக்கினே இருந்தாரு. குடுங்கன்னு வாங்கி நான் மாட்டுனேன். அன்னியில இருந்து நான்தான்" என்றார். பெருமையும் இல்லை, குறையும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்று சொல்வது போல் சொன்னார்.

பிறகு எண்ணெய் போகிற வழியைக் காட்டினார். சக்கரம் அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதே, எண்ணெய் நிற்காமல் வந்தால்தான் தேயாமல் இருக்குமாம். அந்த வழிக்குள் வளைந்த ஊசியை விட்டுத் துழாவி, மெதுவாக எதையோ இழுத்தார். சிவப்பாக, மண்புழு மாதிரி ஒன்று வெளியே வந்தது.

"இதான் அடைச்சுக்கினு இருந்துக்குது. எவனோ பைப்பு ஒழுவுதுன்னு பேஸ்ட்ட அப்பிட்டான். பிதுங்கி உள்ள போயிருக்குது. எண்ணெயே வரல, பாவம்."

அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். நான் போட்டுக்கொண்டு வந்த செருப்பிலேயே இருந்தது. வாசலில்தான் விட்டிருந்தேன், நல்லவேளை.

அப்போது மாமா சோப்போடு வந்தார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். அவ்வளவு பெரிய மனுஷன் அப்படி வெளிறிப்போனதை நான் பார்த்ததில்லை. மெல்ல வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"கண்ணு, அத்தை செய்றது வெளிய யாருக்கும் தெரியாது. லாரிக்காரங்களுக்குத் தெரிஞ்சா, பொம்பள கை பட்ட சாமானா, வேணாம்னு போயிடுவாங்க. ஒருத்தனும் வண்டிய வுட மாட்டான்."

"பொய் சொல்லணுமா மாமா?"

"பொய் வேணாம். கேக்காதத சொல்லாத. அவ்ளோதான்."

அத்தை அடுத்த வளையத்தை எடுத்தார். கிளம்பும்போது நான் சும்மா, "விசில் திரும்பவும் வருமா அத்தை?" என்று கேட்டேன்.

"வரும்னுதான் சொல்றாங்க. நான் எங்க கேட்டேன்?"

"கேட்டதே இல்லையா?"

"பிரிப்பேன், மாட்டுவேன், கூடையில வச்சிக் குடுப்பேன். லாரி ஓடுற எடத்துக்கு நான் எதுக்குப் போவப் போறேன்?"

அன்று இரவுச் சாப்பாட்டில் விசாரணை நடந்தது. கேள்வி கேட்டது சித்தப்பா. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே காதை மட்டும் இங்கே வைத்திருந்தார்.

"பிரிச்சத பாத்தியா?"

"பாத்தேன் சித்தப்பா. தேஞ்ச புஷ்ஷ எடுத்துட்டு, டப்பாவ ஒடச்சு புது புஷ் போட்டாங்க. வெள்ள வேட்டி விரிச்சு, தலையில துண்டு கட்டிக்கினு, ஒரு தூசு இல்லாம அவங்க தொடச்சாங்க. நம்ம சக்கரம்தான். ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு இருந்துச்சே, அதே சக்கரம்."

"நல்லா பாத்தியா?"

"பக்கத்துலயே குந்திக்கினு பாத்தேன். அவங்களே காட்டுனாங்க."

அப்பா முகத்தில் அன்றைக்குத்தான் தெளிவு வந்தது. தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

சித்தப்பா விடவில்லை. "ஏன் போச்சாம்?"

"எண்ணெ போற வழி அடைச்சிருந்துச்சாம்."

"எது அடைச்சுது?"

"செவப்பா இருந்துச்சு. ரப்பர் மாதிரி."

அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பி, முற்றத்துக் குழாயைப் பார்த்தார். குழாயின் கழுத்து சிவப்பாக இருந்தது. பிறகு தண்ணீர் ட்ரம்மைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா, "அண்ணி, கொஞ்சம் ரசம்" என்றார். ரசம் ஏற்கெனவே அவர் தட்டில்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்த ட்யூபை எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. அம்மாதான் எங்கோ போட்டிருக்க வேண்டும். கேட்டால், "எலி தூக்கினு போயிருக்கும்" என்பாள்.

பாத்திரம் கழுவும்போது அம்மா என்னை மெல்லப் பிடித்தாள்.

"மெக்கானிக்க நீ எப்பவும் மாமா, அவருன்னுதானே சொல்லுவ. இன்னிக்கு இன்னா அவங்க அவங்கன்னு?"

நான் சாம்பலைத் தொட்டுத் தொட்டுக் குண்டானைத் தேய்த்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே, "ஓ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, "ஓஹோ" என்றாள். என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. ஆனால் அத்தை விசிலைக் கேட்டதே இல்லை என்பதை மட்டும் சொன்னேன். அது ரகசியத்தில் சேர்த்தி இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

டர்போவை மாட்டுகிற அன்று காலையில் அம்மா அப்பாவிடம், "வண்டி ரெடியாவுது, ஏரிக்கர அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறேன். மெக்கானிக்க வீட்டம்மாவையும் இட்டுக்கினு வரச் சொல்லுங்க" என்றாள்.

"அவங்க எதுக்கு?"

"சாப்பாடு போடத்தான். இத்தன நாளா நமக்கு வேல செய்றாங்க, ஒரு வாய் சோறு போட்டமா?" அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. சரி என்றார்.

மத்தியானத்துக்கு மேல் லாரி ஏரிக்குள் இறங்கியது. வடக்கே மேகம் திரண்டிருந்தது. மாமாவும் அத்தையும் மொபெட்டில் வந்திருந்தார்கள். அத்தை அரக்கு நிறச் சேலை கட்டி, கையில் பூவோடு, பொங்கல் பானைக்குப் பக்கத்தில் அம்மாவோடு நின்றார். மேட்டுப் பாதையின் ஓரத்தில்தான் கருவேல மரம், அதன் கீழேதான் அடுப்பு. மண் ஏற்றுகிறவர்களும் மற்ற லாரி டிரைவர்களும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள்.

அப்பா முழுப் பாரத்தோடு மேட்டுக்கு வந்தார். வண்டி ஏறத் தொடங்கியது. விசில் வந்தது, ஆனால் பழைய விசில் இல்லை. கூடவே ஒரு சீறல். பாதி மேட்டில் கறுப்புப் புகை கக்கியது. வேகம் குறைந்துகொண்டே வந்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் சித்தப்பா. பேஸ்ட் விஷயத்தில் தலை குனிந்திருந்த மனுஷனுக்குத் தலை நிமிர ஒரு வாய்ப்பு. "ஹைவேஸ் கடைக்குப் போயிருக்கணும்." கூட்டத்தில் யாரோ ஆமாம் போட்டார். மாமா உதட்டைக் கடித்தார்.

அத்தை பூவை அம்மா கையில் திணித்தார். இரண்டு எட்டு முன்னால் வந்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கத்தினார். அந்த ஒல்லி உடம்புக்குள்ளிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அண்ணா, நிறுத்துங்க! சக்கரம் நல்லாத்தான் சுத்துது. காத்து வெளிய போவுது. ரப்பர் பைப்ப பாருங்க!"

அப்பா பிரேக்கை மிதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடச் சொன்னார். மாமா ஓடிப்போய்ப் பார்த்தார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கிற பட்டை நழுவியிருந்தது.

"இத யாரு மாட்டுனது?" என்று அத்தை கீழேயிருந்து கேட்டார்.

"நான்தான்" என்றார் மாமா.

"ஒழுங்கா முறுக்கக் கூடாதா?"

மாமா முறுக்கினார். அப்பா கீழே இறங்கி வந்து அத்தையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அம்மாவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

மாமா ஸ்பானரைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "இவதாம்பா செய்றா. டர்போ எல்லாமே இவதான். இத்தன வருஷமா உன்கிட்ட சொல்லல. வண்டி வுட மாட்டீங்கன்னு பயம்."

அடுப்பில் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. நான் மாமாவுக்காகப் பயந்தேன். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு டிரைவர், எப்போதும் வெற்றிலை போடுகிறவர், எச்சிலைத் துப்பிவிட்டு முன்னால் வந்தார்.

"தங்கச்சி, என் வண்டியில கூட ஒரு மாதிரி உறுமுது. கொஞ்சம் வந்து கேட்டுட்டுப் போறியா?"

முதலில் சிரித்தது சித்தப்பாதான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாமா வருஷக்கணக்கில் பயந்த பயம் அவ்வளவு நேரம்தான் தாங்கியது. அவர் பயந்தது லாரிக்காரர்களுக்கு. லாரிக்காரர்களுக்கோ வண்டி மேடு ஏறினால் போதும். அப்புறம் பல பேர் ஷெட்டுக்கே போகாமல் ஒயர் கூடையோடு நேராகப் பிள்ளையார்பாளையத்துக்குப் போய் நின்றார்கள் என்றும், தூசோடு வாசலைத் தாண்டக் கூடாது என்று அத்தை அவர்களைக் கால் கழுவ வைத்தார் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.

அப்பா லாரியின் இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறு தங்கச்சி. வெளிய நின்னு கேட்டா பாதிதான் கேக்கும்."

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா ஸ்பானரைப் பையில் போட்டுவிட்டு, கைகளை எண்ணெய்க் கறை படிந்த லுங்கியில் துடைத்துக்கொண்டு, அத்தை ஏறுவதற்குக் கையைக் கொடுத்தார். அத்தை பாதத்தை வைக்கத் தெரியாமல் முதலில் டயரில் வைத்து, பிறகு படியில் வைத்து, சேலையைச் சுருட்டிக்கொண்டு ஏறினார். நான் அவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டேன். கேபினுக்குள் டீசல் வாசனை, எலுமிச்சம்பழ வாசனை, அத்தை தலையில் இருந்த கதம்பத்தின் வாசனை.

அப்பா வண்டியை அடிவாரம் வரைக்கும் பின்னால் இறக்கி, முதல் கியரைப் போட்டார். கிளம்பினோம். மெல்ல ஆரம்பித்தது. தோப்புக்குள் காற்று நுழைந்தது போல. அத்தையின் ஒரு கை முன்னால் இருந்த தகரத்தைப் பிடித்திருந்தது. ஏற ஏற அது கூர்மையாகி, மெலிந்து, இழை மாதிரி நீண்டு, ஒரு இடத்திலும் அறுபடாமல் மேலே மேலே போனது. கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரிந்தது. அத்தை அப்பாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை முதல் தடவை ராட்டினத்தில் ஏறியபோது பார்த்த முகம் அது. குனிந்து கீழே பார்க்கிறேன், என் கையையும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். விரல் நுனி ஒவ்வொன்றும் தழும்பாக, கல் மாதிரி.

கரைக்கு மேலே வந்துவிட்டோம். புகை இல்லை. கீழே எல்லோரும் கை தட்டுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அப்பா வண்டியை நியூட்ரலில் போட்டு, கண்ணாடிக்கு வெளியே மேகத்தைப் பார்த்தார். மழை வருவதற்குள் இன்னும் கொஞ்ச நடை அடித்துவிடலாம் போலிருந்தது.

"பொங்கலு ஆயிருக்கும். எறங்கிக்கிறியா தங்கச்சி?" என்று கேட்டார்.

அத்தை திரும்பிப் பின் கண்ணாடி வழியாக ஏற்றியிருந்த மண்ணைப் பார்த்தார்.

"அண்ணா, அடுத்த நடைக்கு இன்னும் கொஞ்சம் கனமா ஏத்துவாங்களா?"